அந்த ஏழு கம்ப்யூட்டரும் நிக்கல

அருளு, இதை ஸ்டோர்ல நின்னுக்கிட்டுப் படிக்காதே. வேலை முடிஞ்சு ரூமுக்குப் போயி, குளிச்சு, சாப்பிட்டு, கட்டில்ல உக்காந்து படி. நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன். எழுத்து கோணல்மாணலா இருக்கும், பிழையும் இருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்காதே. சிரிச்சாலும் பரவாயில்ல. உங்கம்மாதான் இந்தத் தாளையும் பேனாவையும் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. "போன்ல சொன்னீங்கன்னா அவன் 'சரி விடுங்கய்யா'ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுருவான். நீங்களும் தப்பிச்சோம்டான்னு எந்திரிச்சுப் போயிருவீங்க. எழுதுங்க"ன்னா. எழுதி முடிச்சதும் அவளே ஒவ்வொரு தாளா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவா. முந்தாநாள் சாயங்காலத்துல இருந்து அவ என்கிட்டப் பேசுன பேச்சு அது ஒண்ணுதான்.

முந்தாநாள் நீ போன் பண்ணப்போ பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னே. மஸ்கட்ல உங்க கம்பெனி புது ஆபீஸ் தொறக்குது, நாப்பது கம்ப்யூட்டர், எதுலயும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் ஒரே சர்வர்ல இருந்து நெட்வொர்க் வழியா எந்திரிக்கணும், அதைச் செய்ய ஆள் தேடுறாங்கன்னே. ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்த உன்னை மேனேஜர் கூப்பிட்டு, "உனக்கு இந்த வேலை தெரியுமாமே, சனிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லு"ன்னு கேட்டாராம். நான் சந்தோசத்துல, "செய்றேன்னு சொல்ல வேண்டியதுதானலே"ன்னேன். நீ சிரிச்சே. "வேண்டாம்யா. பள்ளிக்கூடத்துல பட்டது போதும். எனக்குக் கவனம் பத்தாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. முடியாதுன்னு சொல்லப்போறேன்"ன்னே. அப்புறம் இங்கன மீன்பாடு எப்படின்னு கேட்டே. நான் என்ன பதில் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. போனை வச்சுட்டு அடுப்படிக்குப் போயி, ஆறு வருசமா யாருக்கும் சொல்லாததை உங்கம்மாகிட்டச் சொன்னேன். அவ கழுவிக்கிட்டு இருந்த மீனை அப்படியே சட்டியில போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனாலும் முதல்ல இருந்து சொல்றேன், ஏன்னா நீ பார்த்தது பாதிதான். நான் போட்டு டிரைவரா இருந்து, ஒரு நாள் அலை தூக்கி அடிச்சதுல இடுப்பு போயி, இனிமே கடலுக்குப் போக முடியாதுன்னு ஆனப்போ, அப்ப ஹெட்மிஸ்ட்ரஸா இருந்த சிஸ்டர்தான் பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் வேலை குடுத்தாங்க. மணி அடிக்கிறது, வகுப்பறை பூட்டித் தொறக்குறது, சாவிக்கொத்து என் இடுப்புல. அந்தக் கொத்துல ஒரு சாவி கம்ப்யூட்டர் ரூமுக்கு. ரூம்னு பேருதான். யாரோ குடுத்த முப்பது பழைய கம்ப்யூட்டர், ஜன்னலைத் தொறந்தா கடல், ஒவ்வொரு வருசமும் அஞ்சாறு செத்துப் போகும். நம்ம ஊர்ல சைக்கிள் செயினே ரெண்டு வருசம் தாங்காது, கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும். நீ காலேஜ் முடிச்சு வந்த வருசம் ஒண்ணுகூட ஓடல. பிள்ளைங்க புத்தகத்துல படம் பார்த்தே கம்ப்யூட்டர் பாடம் படிச்சுச்சுங்க.

நீ ஒரு மிஷினைப் பிரிச்சுப் பார்த்துட்டு வந்து சோத்துல கையை வச்சுக்கிட்டே சொன்னே. "அய்யா, மிஷின் சாகல. உள்ள இருக்குற டிஸ்க்தான் உப்புல அரிச்சுப் போயிருக்கு. டிஸ்க்கே இல்லாம எழுப்பிரலாம்." எனக்கு விளங்கல. நீ சாப்பாட்டை விட்டுட்டு விளக்குனே. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்குத் தான் யாருன்னே தெரியாதாம். எனக்கு ஒரு நம்பர் குடு, நான் எங்கன போயி எதை எடுக்கணும்னு சொல்லுன்னு வயர்ல கேக்குமாம். சர்வர் நம்பரைக் குடுத்து அட்ரஸையும் குடுக்குமாம். போன்ல நாம வெப்சைட் தொறக்குறோம்ல, அதே ஹெச்டிடிபி வழியா, ஓடுறதுக்கு வேண்டிய மொத்தத்தையும் அது இறக்கிக்கிட்டு எந்திரிக்குமாம். முதல்ல நீ பழைய முறையிலதான் முயற்சி பண்ணே. அதுல துணுக்குத் துணுக்கா வரும், ஒண்ணு வந்து சேந்துச்சுன்னு பதில் போனாத்தான் அடுத்தது வரும். ரெண்டு மிஷினுக்கே டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல இருந்துச்சு. அப்புறம், முதல் துணுக்கை மட்டும் அந்த வழியில விட்டுட்டு மத்ததெல்லாம் ஹெச்டிடிபி-ல வர்ற மாதிரி மாத்துனே. நான் கேட்டேன், "அப்ப இந்தச் சர்வர்தான் முப்பதுக்கும் இன்ஜினா?" நீ கொஞ்சம் யோசிச்சே. "ஆமாய்யா, அப்படியே வச்சுக்கங்க"ன்னே. அந்த வார்த்தையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் மிஷின் எந்திரிச்ச சாயங்காலம் நான் வராந்தா கூட்டிக்கிட்டு இருந்தேன். "அய்யா, வாங்க, சீக்கிரம் வாங்க"ன்னு கத்துனே. விளக்குமாத்தோட வந்து நின்னேன். கருப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓடுச்சு, நின்னுச்சு, அப்புறம் பளிச்சுன்னு நம்ம பள்ளிக்கூடத்துப் பேரோட நீலத்திரை வந்துச்சு. நீ என் தோளைப் பிடிச்சுக் குலுக்குனே. காலேஜ் போனதுல இருந்து நீ என்னைத் தொட்டதே இல்லலே, அது உனக்குத் தெரியுமா? நான் வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட மிஷினைப் பத்திச் சொல்லவே இல்ல, தோளைப் பிடிச்சான்னுதான் சொன்னேன்.

சிஸ்டர் தொறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாங்க. சர்வரா வச்சிருந்ததும் வெளிய இருந்து நீ கொண்டாந்த ஒரு பழைய பெட்டிதான், சூடு தாங்கலன்னு அதோட பக்கத்து மூடியைக் கழட்டிப் படுக்க வச்சு, மேல காத்துப் படுற மாதிரி டேபிள் ஃபேன் வச்சிருந்தே. விழா முடிஞ்சதும் நல்ல பெட்டிக்கு மாத்திரலாம்னே. இன்னொரு சர்வரும் வேணும், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பார்த்துக்கும்னு சிஸ்டர்கிட்டயும் சொன்னே, அவங்களும் பார்க்கலாம்னாங்க. முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "யாரும் கிட்ட வராமப் பார்த்துக்கங்கய்யா. சாவி உங்ககிட்டதானே இருக்கு, எனக்குக் கவலையில்ல"ன்னு சொல்லிட்டுப் போனே. அதை நீ மறந்திருப்பே. எனக்கு இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

இனி நீ பார்க்காதது. போட்டுக்குப் புது இன்ஜின் ஏத்துனா நாம என்ன செய்வோம்னு உனக்குத் தெரியும். பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சுட்டுப் போனாலும், முதல் தடவை கடலுக்கு இறக்கும்போது டிரைவர் தன் கையால கோயில் தீர்த்தத்துல மந்திரிச்ச உப்பு ஒரு சிட்டிகை கலந்து இன்ஜின் தலையில தெளிச்சு, சிலுவை போட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவான். என் அய்யா செஞ்சாரு, நானும் நாலு இன்ஜினுக்குச் செஞ்சிருக்கேன். நாலும் என்னைக் கரைக்குக் கொண்டாந்து சேர்த்துச்சு. விழா அன்னைக்குக் காலையில, பால்காரன் வர்ற நேரத்துக்கு, பள்ளிக்கூடம் கூட்டப் போனவன் கம்ப்யூட்டர் ரூமைத் தொறந்தேன். உன் சர்வர் பச்சை லைட்டோட ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீயும் செய்யல, சிஸ்டரும் செய்யல, பிள்ளையோட முதல் இன்ஜின், அப்பன் நானாவது செய்யணும்னு தோணுச்சு. பையில கொண்டு போயிருந்த தீர்த்தப் பாட்டில்ல உப்பைக் கலந்து, மூடி இல்லாமத் தொறந்து கிடந்த சர்வரோட சர்க்யூட் பலகை மேல, இன்ஜினுக்குத் தெளிக்கிற மாதிரியே மூணு தடவை தெளிச்சேன். டீசல் இன்ஜின் பொறந்ததுல இருந்து உப்புத்தண்ணி குடிக்கிறது. இதுவும் அப்படித்தான்னு நினைச்ச மடையன் நான். ஒண்ணும் ஆகல, லைட்டு அப்படியே எரிஞ்சுச்சு. ரொம்ப நிம்மதியா கதவைப் பூட்டிட்டு மணி அடிக்கப் போனேன்.

பத்து மணிக்கு விருந்தாளி வந்தாரு, ரிப்பன் வெட்டுனாங்க, பிள்ளைங்க ஒவ்வொண்ணா உக்காந்து சுவிட்சைப் போட்டுச்சுங்க. ஒண்ணு எந்திரிச்சுச்சு, ரெண்டு எந்திரிச்சுச்சு, ஏழு வரைக்கும் எந்திரிச்சுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அதுக்கப்புறம் எதுவுமே வரல. மிச்ச இருபத்துமூணும் கருப்புத் திரையில அட்ரஸைக் கேட்டுக் கேட்டு நின்னுச்சு. நீ சர்வர் கிட்ட ஓடுனே. லைட்டு இல்ல. நல்ல சட்டையோட தரையில மண்டி போட்டு வயரை மாத்தி மாத்திச் சொருகுனே, வேர்வை மூக்கு நுனியில இருந்து சொட்டுச்சு. விருந்தாளி வாட்ச் பார்த்தாரு. பின்னாடி நின்ன ஒருத்தன், "வாட்ச்மேன் மகன்கிட்டக் குடுத்தா இப்படித்தான்"ன்னு மெல்லமாச் சொன்னான். மெல்லமாத்தான் சொன்னான், எனக்கே கேட்டுச்சுன்னா உனக்குக் கேக்காம இருந்திருக்காது.

அவங்க எல்லாரும் கேக் வெட்டப் போனப்புறம் ரூம்ல பெரியவங்கன்னு நீ, நான், சிஸ்டர் மூணு பேருதான். நீ அந்தப் பலகையை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தே. வெள்ளையா ஒரு படிவு. விரலால தொட்டு நாக்குல வச்சே. "உப்பு"ன்னே. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "அய்யா, இதுல தண்ணி கிண்ணி பட்டுச்சா?"ன்னு கேட்டே. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டே. நான் சொன்னேன், "இல்லையேப்பா. கடக்காத்துதான்." நீ இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தே. அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்பி, "மூடாம விட்டது என் தப்பு சிஸ்டர். கடல் பக்கத்துல இப்படி வைக்கலாமா, எனக்குக் கவனம் பத்தல"ன்னே. நான் சாவிக்கொத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன்.

ஏன் சொன்னேன்னு நீ கேப்பே. நானும் என்னைக் கேட்டுப் பார்த்துட்டேன். சிஸ்டர் நின்னாங்க, வேலை போயிரும்னு பயம், இடுப்பு ஒடிஞ்சவனுக்கு வேற யாரு வேலை குடுப்பா. அது உண்மைதான். ஆனா அதைவிட, அந்தப் பொய் எனக்குப் பழக்கமான பொய். போட்டுல இருக்கும்போது ஒரு தடவை தூக்கத்துல பாறை மேல மடி வலையை இழுத்துக் கிழிச்சுட்டேன், முதலாளிகிட்ட நீரோட்டம் இழுத்துருச்சுன்னேன். அவரு நம்பிட்டாரு. கடல் மேல பழி போட்டா கடல் வந்து மறுத்துப் பேசாது. அதுக்குப் பிறகு எதுக்கும் கடலைச் சொல்றது எனக்கு லேசாப் போச்சு. அன்னைக்கும் வாய் தானா அதைத்தான் சொல்லுச்சு. சாயங்காலம் தனியாச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். சாயங்காலம் நீ சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தே, உங்கம்மா கொண்டாந்த டீ ஆறிப் போச்சு. மறுநாள் சொல்லலாம்னா மறுநாள் நீ அந்தப் புத்தகம், வயர் எல்லாத்தையும் சாக்குல கட்டிக்கிட்டு இருந்தே. அப்புறம் ஏஜென்ட், பாஸ்போர்ட், மதுரை ஏர்போர்ட். உள்ள போறதுக்கு முன்னாடி திரும்பி வந்து, "இடுப்பைப் பார்த்துக்கங்கய்யா, வாரேன்"ன்னே. அங்கன சொல்லியிருக்கலாம். கண்ணாடிக் கதவு மூடுற வரைக்கும் நேரம் இருந்துச்சு.

ஒண்ணை நீ யோசிச்சே பார்க்கல அருளு, இல்ல பார்த்தும் சொல்லலையோ என்னமோ. முதல்ல எந்திரிச்ச அந்த ஏழு கம்ப்யூட்டரும் நிக்கல. சர்வர் செத்தப்புறமும் அது ஏழும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. எல்லாத்தையும் தன் ஞாபகத்துலயே இறக்கி வச்சுக்கும், எந்திரிச்சப்புறம் சர்வர் இல்லாட்டியும் சமாளிக்கும்னு நீதான் சொல்லியிருந்தே. நீங்க எல்லாரும் போனப்புறமும் ஏழு பிள்ளைங்க எந்திரிக்கவே மாட்டேன்னுச்சுங்க. வீடு, தென்னைமரம், போட்டுன்னு படம் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க. சாயங்காலம் பூட்டப் போனப்போ நான்தான் ஒவ்வொண்ணா சுவிட்சை அணைச்சேன். ஏழாவதை அணைக்கக் கை வரல. உன் வேலை சுத்தமான வேலைலே. நீ நினைச்ச மாதிரியே, ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. உப்புத்தண்ணி ஊத்துனா எதுதான் தாங்கும்?

அதுக்கப்புறம் அந்த ரூம்ல திருவிழாச் சேர் அடுக்க ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டரை எல்லாம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போட்டு மூடுனாங்க. வாரத்துக்கு ஒரு தடவை தொறந்து கூட்டுறது நான்தான். ஆறு வருசம் கூட்டியிருக்கேன்.

அப்பன் மகனுக்கு எழுதுனா புத்தி சொல்லணும்பாங்க. எனக்கு என்ன தகுதி இருக்கு? ஆனாலும் ரெண்டு சொல்றேன், என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதா வச்சுக்க. யாராவது உன்னைக் கேட்டா, அந்த நிமிசத்துலயே உள்ளதைச் சொல்லிரு. ஒரு நாள் தள்ளிப் போட்டா அது அடுத்த நாளைக்கு இன்னும் கனமாயிரும், ஒரு வருசம் ஆனப்புறம் ஒத்தை ஆளாத் தூக்க முடியாது. இன்னொண்ணு, எதாவது நின்னு போச்சுன்னா முதல் ஆளா 'என் தப்பு'ன்னு கையைத் தூக்காதே. எதனாலன்னு தோண்டிப் பாரு. பெத்த அப்பனா இருந்தாலும் சந்தேகப்படு.

இதை எழுதும்போது ஒரு நினைப்பு வருது. அன்னைக்கு உப்புன்னு சொல்லிட்டு என்னை அவ்வளவு நேரம் ஏன் பார்த்தே? கடக்காத்து உப்பு பொடிப்பொடியாப் படியும், தண்ணி விழுந்து காஞ்ச உப்பு வட்டம் வட்டமா நிக்கும், அது கடக்கரையில பொறந்த உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான், அப்பன் வேலை போயிரக் கூடாதுன்னு பழியை வாங்கிக்கிட்டியா? ஆறு வருசமா 'எனக்குக் கவனம் பத்தாது'ன்னு சொல்றது எனக்காகத்தானா? இதுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சுக்க. தெரியும்னா, இனிமே நீ மறைக்க ஒண்ணும் இல்ல. நேத்து நான் பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். சிஸ்டர் இப்ப அங்கன மடத்துலதான் இருக்காங்க, வயசாகிப் போச்சு, அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன்.

அவங்க நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்னாங்க. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு நினைச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆமா சிஸ்டர்"ன்னேன். "அனுப்பியிருக்க மாட்டேன். வேற ஒரு பெட்டி வாங்கிக் குடுத்து, மறுபடி போட்டுக் குடுப்பான்னு அவன்கிட்டயே சொல்லியிருப்பேன்"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. பஸ்ல திரும்பி வரும்போது பாலத்து மேல ஜன்னல் பக்கம் உக்காந்து அழுதேன். பக்கத்துல இருந்த ஆளு என்ன ஏதுன்னு கேட்டாரு. கடக்காத்து கண்ணுல அடிக்குதுன்னு சொல்ல வாய் எடுத்தேன். சொல்லல. பிள்ளைக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்னு சொன்னேன்.

இன்னைக்கு வியாழக்கிழமை. இதை நீ படிச்சு முடிச்சதும் என்கிட்டப் பேசணும்னு தோணலாம், இல்ல என் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு தோணலாம். ரெண்டும் நியாயம்தான். உங்கம்மா போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நானும் பக்கத்துலதான் இருப்பேன். ஆனா உன் முதல் போன் எங்களுக்கு வேண்டாம் தம்பி. முதல்ல அந்த மேனேஜருக்குப் போடு.